ரியோஹாவில் ஒயின் பயணம்: மதியச் சாப்பாட்டிலிருந்து திட்டமிடுங்கள்

ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ ஆற்றின் இரு கரைகளிலும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரியோஹாப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான ஒயின் ஆலைகள் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு வழங்கும் பெயர் ‘போதேகா’. முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் பெயர் பெற்ற போதேகாக்களைப் பட்டியலிட்டு, நாளுக்கு நான்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். அன்றைய குறிப்பேட்டில் முதல் போதேகாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நான்காவதற்கு ஒதுக்கிய பக்கத்தில் ‘சிவப்பு’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

நாளுக்கு இரண்டு போதேகா போதும். அந்த இரண்டையும் எங்கே வைப்பது என்பதை ஸ்பெயினின் மதியச் சாப்பாடு முடிவு செய்துவிடுகிறது. உணவகங்களில் மதிய உணவு இரண்டு மணிக்குத்தான் சூடுபிடிக்கும், நான்கு மணி வாக்கில் சமையலறை மூடிவிடும், இரவு உணவுக்கு ஏறக்குறைய ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். போதேகாக்களும் இந்தக் கடிகாரத்தின்படியே இயங்குகின்றன. காலைச் சுற்றுகள் பத்து மணிக்கும் பன்னிரண்டரைக்கும் இடையே தொடங்கும்; மாலைச் சுற்று இருந்தால் நான்கு மணிக்குப் பிறகுதான். ஆகவே முதலில் எந்த ஊரில் சாப்பிடுவது என்று தீர்மானியுங்கள். அதற்கு முன்னால் ஒரு போதேகா, அதற்குப் பின்னால் ஒன்று, இரண்டும் அந்த ஊரிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவுக்குள் என்று வைத்துக்கொண்டால் திட்டத்தில் பாதி முடிந்துவிடும்.

காலம்

அறுவடை பொதுவாக செப்டம்பரில் வெப்பம் மிகுந்த கிழக்குப் பகுதியில் தொடங்கி, அக்டோபரில் மலையடிவார மேற்குப் பகுதியில் முடியும். திராட்சை ஏற்றிய இழுவை வண்டிகள் ஊர்ச் சாலைகளில் ஊர்ந்து போவதையும் நொதிக்கும் சாற்றின் வாசனை தெருவரை வருவதையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுவே பருவம். ஆனால் இதே வாரங்களில்தான் ஆலைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. விடுதிகளும் விலையேறி நிரம்பிவிடும். செப்டம்பர் 21ஐ ஒட்டி லொக்ரோனியோ நகரம் சான் மத்தேயோ விழாவில் மூழ்கியிருக்கும் என்பதால், அந்த வாரத்தில் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்னதாகவே பிடித்து வைக்க வேண்டும்.

நிதானமாகப் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் மே, ஜூன் மாதங்களும் அக்டோபர் கடைசியும் நல்லவை. அக்டோபர் கடைசியில் கொடிகளின் இலைகள் மஞ்சளும் செம்மையுமாக மாறியிருக்கும். ஒளிப்படம் எடுக்கிறவர்களுக்கு அறுவடையைவிட இதுவே மேல் என்பது என் எண்ணம். ஜூன் 29 அன்று ஆரோ நகருக்கு வெளியே மக்கள் ஒருவர் மீது ஒருவர் செந்நிற ஒயினை வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும் ‘ஒயின் போர்’ நடக்கும். அதில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால், திரும்ப உடுத்தவே போவதில்லை என்று முடிவு செய்த வெள்ளை உடையில் போங்கள். எண்ணம் இல்லையென்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

தங்கும் ஊர்

பெரும்பாலோர் பில்பாவோ விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஆரோ ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அந்த ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டுப் பேருந்து நிலையத்தில் ‘ஹாரோ’ என்று கேட்காதீர்கள். ஸ்பானிய மொழியில் அந்த முதலெழுத்துக்கு ஒலி கிடையாது. ‘ஆரோ’ என்றால்தான் சீட்டு கிடைக்கும்.

தங்குவதற்கு மூன்று ஊர்களைச் சொல்லலாம். வாடகை வண்டி எடுக்காதவர்களுக்கு ஆரோ. கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரின் அமைதி வேண்டுவோர்க்கு லாகுவார்தியா. மாலையில் தெரு நிறைய மனிதர்களும் தட்டு நிறையச் சிற்றுண்டிகளும் வேண்டுவோர்க்கு மாநிலத் தலைநகரான லொக்ரோனியோ. ஆரோவுக்கும் லொக்ரோனியோவுக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். லாகுவார்தியா லொக்ரோனியோவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. மூன்று நாள் பயணத்துக்கு இரண்டு ஊர்களில் தங்கலாம், மூன்றில் தங்குவது பெட்டி கட்டுவதிலேயே பொழுதைப் போக்கிவிடும்.

எந்தப் போதேகாக்கள்

இங்கேதான் புதியவர்கள் திணறுகிறார்கள். விலையையும் பெயரையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது பயன் தரும். ஒரே மாதிரியான மூன்று பெரிய ஆலைகளைப் பார்த்தால் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளையும் பீப்பாய் வரிசைகளையும் மூன்று முறை பார்த்ததாகவே முடியும். பழைய முறையைக் கைவிடாத ஒன்று, கட்டடத்துக்காகவே பார்க்க வேண்டிய ஒன்று, குடும்பமே நடத்தும் சிறியது ஒன்று என்று கலந்து எடுங்கள்.

பழையதற்கு ஆரோவின் ரயிலடிப் பகுதியைவிடச் சிறந்த இடம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்செரா என்ற நுண்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தபோது, விற்பதற்கு ஒயின் இல்லாமல் தவித்த போர்தோ நகர வணிகர்கள் மலையைத் தாண்டி இங்கே வந்தார்கள். 1863இல் வந்து சேர்ந்த ரயில்பாதை பீப்பாய்களைப் பில்பாவோ துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏற்றுமதிக்கு வசதியாகத் தண்டவாளத்தை ஒட்டியே ஆலைகளைக் கட்டினார்கள். அதனால்தான் லோபெஸ் தெ எரேதியா (1877), கூனே (1879), கோமெஸ் குருசாதோ (1886), லா ரியோஹா ஆல்தா (1890), பில்பாயினாஸ் (1901), மூகா (1932), ரோதா (1987) ஆகிய ஏழும் இன்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தொலைவில் இருக்கின்றன. அந்தக் காலச் செழிப்பில் ஸ்பெயினிலேயே முதலில் மின்விளக்குத் தெருக்கள் பெற்ற ஊர்களில் ஒன்றாக ஆரோ இருந்தது.

இந்த ஏழில் எதை எடுத்தாலும் ஏமாற்றம் இல்லை. எனினும் ஒரு வார்த்தை: லோபெஸ் தெ எரேதியாவின் நிலவறைச் சுவர்களில் பூஞ்சையும் சிலந்தி வலையும் தடித்துத் தொங்கும். அதைத் துடைக்காமல் விட்டிருப்பது சோம்பலால் அல்ல. வலைகள் புட்டித் தக்கையைத் துளைக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடிக்கின்றன என்பது அங்கே சொல்லும் காரணம். அதே வளாகத்தின் வாசலில் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத் வடிவமைத்த, ஒயின் குடுவை போன்ற விற்பனைக் கூடம் நிற்கிறது. கூனேயில் குஸ்தாவ் ஈஃபெலின் அலுவலகம் வடிவமைத்த, நடுவில் தூண்களே இல்லாத பீப்பாய்க் கூடம் இருக்கிறது. மூகாவில் பீப்பாய்களைத் தாங்களே செய்துகொள்ளும் பட்டறை உண்டு. மரப்பலகைகளை நெருப்பைச் சுற்றி வளைப்பதைக் காண வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

கட்டடத்துக்காகப் போக வேண்டிய இடங்கள் லாகுவார்தியாவின் பக்கம் இருக்கின்றன. எல்சியெகோவில் 1858இல் தொடங்கப்பட்ட மார்க்கேஸ் தெ ரிஸ்கால் ஆலை வளாகத்தில், ஃபிராங்க் கெரி வடிவமைத்த விடுதி 2006இல் திறக்கப்பட்டது. கூரையாக அலைபாயும் உலோகத் தகடுகளின் இளஞ்சிவப்பு ஒயினையும், தங்க நிறம் புட்டியைச் சுற்றிய கம்பி வலையையும், வெள்ளி நிறம் தக்கை மூடியையும் குறிக்கின்றன. லாகுவார்தியாவுக்கு வெளியே சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த இசியோஸ் ஆலையின் கூரை, பின்னால் நிற்கும் கந்தாப்ரியா மலைத்தொடரின் ஏற்ற இறக்கத்தையே திருப்பிச் சொல்கிறது. அதைச் சாலையிலிருந்து பார்த்தாலே போதும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

சிறியவற்றை லாகுவார்தியாவின் கோட்டைச் சுவருக்குள்ளேயே காணலாம். ஊருக்கு அடியில் வீடு வீடாகக் குடைந்த நிலவறைகள் இருப்பதால் உள்ளே வண்டிகளை விடுவதில்லை. நடந்துதான் போக வேண்டும். எல் ஃபபுலிஸ்தா போன்ற போதேகாக்களில் படியிறங்கி அந்தக் குகைகளுக்குள்ளேயே நின்று ஒயினைச் சுவைக்கலாம். இந்த அலாவா பகுதியில் இன்னொரு பழக்கமும் உண்டு. திராட்சைக் குலைகளைக் காம்போடு முழுதாகத் தொட்டியில் கொட்டி, பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும்படி விட்டு, பீப்பாயில் வைக்காமல் சில மாதங்களிலேயே குடிக்கும் இளம் ஒயினைச் செய்வார்கள். வாழைப்பழமும் செர்ரியும் கலந்த வாசனையோடு இருக்கும் இதை, பழையதையே தேடி வருகிறவர்கள் கவனிப்பதில்லை. கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள்.

ஒயினைக் குடிக்காதவர்கள் உங்களோடு வருகிறார்களா? பிரியோனெஸ் என்ற சிற்றூரில் விவான்கோ ஒயின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தக்கைத் திருகிகளின் தொகுப்பு மட்டுமே ஒரு கூடத்தை நிறைக்கிறது. ஆரோவிலிருந்து வண்டியில் பத்து நிமிடம்.

முன்பதிவு

முன்பதிவில்லாமல் போய்க் கதவைத் தட்டினால் பெரும்பாலான இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போதேகாவின் இணையத்தளத்திலோ மின்னஞ்சலிலோ மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே நேரத்தைப் பிடியுங்கள். ஆங்கிலச் சுற்று எத்தனை மணிக்கு என்று தனியாகக் கேளுங்கள், ஏனெனில் பல இடங்களில் நாளுக்கு ஒன்றுதான் இருக்கும். மற்ற நேரங்களை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். ‘விசிதா’ என்றால் சுற்றிப் பார்த்தல், ‘காதா’ என்றால் சுவைத்துப் பார்த்தல், ‘செர்ராதோ’ என்றால் மூடியிருக்கிறது. மூன்றாவது சொல்லை ஞாயிறு மாலையிலும் திங்களன்றும் அடிக்கடி காண்பீர்கள். இரண்டு மூன்று வகை ஒயினோடு ஒன்றரை மணி நேரச் சுற்றுக்கு ஆளுக்கு 15 முதல் 35 யூரோ வரை ஆகலாம்; பழைய புட்டிகளைத் திறக்கும் சிறப்புச் சுற்றுகளுக்கு இன்னும் கூடுதல்.

குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வாசலில் இருங்கள். ஒருமுறை இருபது நிமிடம் பிந்திப் போனபோது வரவேற்பறையில் ஒருவரும் இல்லை. குழு நிலவறைக்குள் இறங்கிவிட்டது, உள்ளே கைபேசி எடுக்காது. திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் வெயிலில் உலாவியதுதான் மிச்சம்.

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. தங்குமிடச் சீட்டுகளையும் விண்ணப்பத்தோடு காட்ட வேண்டியிருப்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விதிமுறையில் விடுதியை முதலில் பதிவு செய்துவிட்டு, விசா கைக்கு வந்தபின் போதேகாக்களுக்குப் பணம் கட்டுவது பாதுகாப்பு.

வண்டியை யார் ஓட்டுவது

குடித்தவர் ஓட்டக்கூடாது. ஸ்பெயினில் பொதுவான வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம், உரிமம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு 0.3. இதை இன்னும் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் அங்கே நடந்துவருகிறது. ஒரு போதேகாவில் ஊற்றித் தரும் மூன்று கிண்ணங்களை முழுதாகக் குடித்தாலே வரம்பை நெருங்கிவிடலாம் என்பதால் கணக்குப் போட்டுப் பார்ப்பதே வீண். ஆரோவில் தங்கி ரயிலடிப் பகுதிக்கு நடந்து போவது ஒரு வழி. லொக்ரோனியோவிலும் பாலத்தைத் தாண்டினால் 1890இல் தொடங்கிய பிராங்கோ எஸ்பானியோலாஸ் ஆலைக்கு நடந்தே போய்விடலாம். லொக்ரோனியோவுக்கும் லாகுவார்தியாவுக்கும் இடையே பேருந்து உண்டு. ஆனால் நாளுக்குச் சில முறைதான் ஓடும், ஆகவே திரும்பும் நேரத்தை முதலில் பாருங்கள். இடையில் இருக்கும் சிற்றூர்களுக்கு வாடகைக் காரைப் பேசி, திரும்ப அழைத்துப்போகும் நேரத்தையும் இறங்கும்போதே சொல்லிவைப்பது நல்லது.

உள்ளே

நிலவறைகள் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். ஒரு சால்வையும் வழுக்காத காலணியும் வேண்டும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள், உங்கள் கிண்ணத்தை மட்டுமல்லாமல் பக்கத்தில் நிற்பவரின் கிண்ணத்தையும் அது கெடுத்துவிடும்.

சுற்று பெரும்பாலும் தோட்டத்தில் தொடங்கும். பழைய கொடிகள் கம்பிப் பந்தல் இல்லாமல், இடுப்புயரப் புதர்களாகத் தனித்தனியே நிற்பதைப் பாருங்கள். இங்கே முதன்மையான இரகம் தெம்ப்ரானியோ. ‘தெம்ப்ரானோ’ என்றால் ‘சீக்கிரம்’, அதாவது முந்திப் பழுப்பது. அதோடு கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகியவற்றைக் கலப்பார்கள். பிறகு நொதிக்கும் தொட்டிகள், பிறகு பீப்பாய்க் கூடம். ஒரு பீப்பாயில் 225 லிட்டர், அதாவது முந்நூறு புட்டி.

மரபான சில போதேகாக்களில் ஒரு காட்சி கிடைக்கலாம். பீப்பாயின் அடியில் கசடு தங்கிவிடுவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை தெளிந்த ஒயினை மட்டும் வேறு பீப்பாய்க்கு இறக்க வேண்டும். விசைக்குழாய் இல்லாமல், மேலிருக்கும் பீப்பாயிலிருந்து கீழிருப்பதற்குத் தானாகவே வழியவிடுவார்கள். தொழிலாளி ஒருவர் குனிந்து அமர்ந்து, வழியும் ஒயினைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்து, அதன் பின்னால் எரியும் மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்ப்பார். சுடர் மாணிக்கமாகத் தெரியும் வரை ஓட்டம் தொடரும். சுடரின் விளிம்பு ஒருநொடி மங்கினால், கசடு வரத் தொடங்கிவிட்டது என்று கை உடனே அடைப்பைத் திருப்பிவிடும்.

சுவைக்கும் மேசையில் துப்புவதற்கு ஒரு கலம் வைத்திருப்பார்கள். நாலு பேர் முன்னிலையில் துப்புவதா என்று நமக்குக் கூச்சமாக இருக்கும். அங்கே அதைத் தொழில் தெரிந்தவரின் அடையாளமாகவே பார்ப்பார்கள். முதலில் நிறத்தைப் பாருங்கள். இளம் ஒயின் ஊதா கலந்த சிவப்பு, பழையது செங்கல் நிறம். பிறகு முகருங்கள். அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில் கிடந்தது வனிலாவும் கொப்பரையும் மணக்கும்; பிரெஞ்சு ஓக்கில் கிடந்ததில் கிராம்பும் வறுத்த வாசனையும் தலைதூக்கும். வாயில் வைத்ததும் நாக்கும் ஈறும் சுருங்குவதைச் சொல்ல ஆங்கிலக் குறிப்பேடுகள் பல சொற்களைத் தேடும். துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாகவே வைத்திருக்கும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பாக்கின் துவர்ப்பா, நெல்லிக்காயின் துவர்ப்பா, வாழைப்பூவின் துவர்ப்பா என்று எழுதிவைத்தால் மறுநாள் படிக்கும்போது ஒயின் நினைவுக்கு வரும்.

புட்டியின் முதுகு

வாங்குவதற்கு முன் புட்டியைத் திருப்பிப் பின்புறச் சிறு முத்திரையைப் பாருங்கள். செந்நிற முத்திரை கிரியான்சா: இரண்டு ஆண்டு முதிர்ச்சி, அதில் குறைந்தது ஓராண்டு பீப்பாயில். அடர் செம்மை ரெசெர்வா: மூன்று ஆண்டு, அதில் ஓராண்டு பீப்பாயில், குறைந்தது ஆறு மாதம் புட்டியில். நீலம் கிரான் ரெசெர்வா: ஐந்து ஆண்டு, அதில் பீப்பாயில் இரண்டும் புட்டியில் இரண்டும். பச்சை முத்திரைக்கு இப்படிக் காலக் கணக்கு எதுவும் இல்லை. அதனால் பச்சை என்றால் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். காலக் கணக்கைவிடத் தம் தோட்டத்து மண்ணே பேசட்டும் என்று நினைக்கும் சிறு உற்பத்தியாளர்கள் சிலர், விலையுயர்ந்த ஒயினையும் பச்சை முத்திரையோடுதான் விற்கிறார்கள்.

சாப்பாடு

வெட்டிய திராட்சைத் தண்டுகளை எரித்த தணலில் வாட்டிய ஆட்டுக்குட்டி விலாக்கறியும், சொரீசோ என்ற மிளகாய்த்தூள் சேர்த்த பன்றிக் கறித் தொத்திறைச்சியோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் இந்த மண்ணின் உணவு. சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிக் கூட்டு என்று நினைத்து வாங்கும் ‘மெனெஸ்த்ரா’வில் பன்றிக் கறித் துண்டுகள் கிடக்கலாம், ‘சின் ஹமோன், சின் கார்னே’ (பன்றி வேண்டாம், இறைச்சி வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சுட்ட பிக்கியோ மிளகாய், பக்கத்து மாநிலமான நவார்ராவின் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு (அஸ்பாரகஸ்), ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவை கைகொடுக்கும்.

லொக்ரோனியோவின் லௌரெல் தெருவில் ஒவ்வொரு சிறு கடைக்கும் ஒரு தின்பண்டம்தான் பெயர். காளான் கடைகளில் பூண்டெண்ணெயில் சுட்ட மூன்று காளான்களை ரொட்டித் துண்டின் மேல் அடுக்கிக் குச்சியால் குத்தித் தருவார்கள், உச்சியில் ஓர் இறால் உட்கார்ந்திருக்கும். ஒரு கடையில் ஒரு தட்டு, ஒரு சிறு கிண்ணம் கிரியான்சா, பிறகு அடுத்த கடை, இதுதான் முறை. இந்தத் தெருவுக்கு ‘யானைப் பாதை’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. ஸ்பானிய மொழியில் துதிக்கைக்கும் போதைக்கும் ஒரே சொல்.

புட்டிகளைக் கொண்டுவருதல்

கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே புட்டிகள் சரக்குப் பெட்டிக்குள்தான் போக வேண்டும். ஒரு புட்டி ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ இருக்கும். காற்றடைத்த உறைகளைப் போதேகாவிலேயே விற்பார்கள்; இல்லையென்றால் கனத்த துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி, ‘தீவா’ என்ற வரி திரும்பப் பெறும் படிவத்தைக் கேட்கலாம். குறைந்தபட்சத் தொகை என்று ஒன்றும் இல்லை. விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அதை இயந்திரத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் சுங்கவரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மதுவகைதான் கொண்டுவரலாம். 750 மில்லிலிட்டர் புட்டி இரண்டு அதற்குள் அடங்கும், மூன்றாவது அடங்காது. அந்த மூன்றாவதைக் கடைசி இரவில் விடுதி அறையில் திறந்துவிடுங்கள். தக்கைத் திருகியை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள்.